பணியில் இருந்தபடியே காவல் நிர்வாகத்தில் முதுகலை: சேலம் காவல்துறையினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் மாநகரிலோ மாவட்டத்திலோ வேலை பார்த்துக்கொண்டே காவல் தலைமை, காவல் நிர்வாகம் சார்ந்து முதுகலை படிக்க நினைக்கும் எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், பட்டம் முடித்த காவலர், ஏட்டு எல்லோருக்குமானது இது. படிக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வழக்கமாக நடப்பது இதுதான். பக்கத்து ஸ்டேஷனில் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நாமும் பணம் கட்டுகிறோம். பிறகு அனுமதிக்கு எழுதுகிறோம். கடைசி செமஸ்டரில் ஆய்வுத் தலைப்பு தேடி அலைகிறோம். இதை அப்படியே தலைகீழாக்குங்கள். கேள்வி முதலில், அனுமதி அடுத்து, பணம் அதற்குப் பிறகு. நான் பார்த்தவரை பாதியில் விட்டவர்களில் பாடம் புரியாமல் விட்டவர்கள் குறைவு. இந்த வரிசையில் சறுக்கியவர்கள்தான் அதிகம்.

1. கையில் இருக்கும் பட்டம் செல்லுமா என்று பாருங்கள்

பத்தாம் வகுப்போடு காவலராகச் சேர்ந்து, பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் நம்மில் நிறைய. 2009-இல் வந்த பணியாளர் துறை அரசாணை 107-இன்படி, பத்து, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசுப் பணிக்கோ பதவி உயர்வுக்கோ செல்லாது. அந்தப் பட்டத்தின் மேல் முதுகலை முடித்தாலும் அடித்தளம் இல்லாத மாடிதான்.

உங்கள் நிலை இதுவென்றால் முதலில் பிளஸ் டூவும் முறையான இளங்கலையும். இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போகும், வேறு வழியில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் படிப்புக்கு முன்பு கிடைத்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச் அரசாணையோடு நின்றது. அதை நம்பிக் கணக்குப் போட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2. படிப்பைத் தேடும் முன் கேள்வியைத் தேடுங்கள்

உங்கள் ஸ்டேஷனில், உங்கள் சரகத்தில், நிர்வாகம் சார்ந்து உங்களை அரிக்கும் ஒரு பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எந்தப் படிப்பு, யாரிடம் அனுமதி, என்ன பதிவேடு என்பதையெல்லாம் அந்த வாக்கியம்தான் முடிவு செய்யும். அதனால்தான் இது இரண்டாவது படி.

புதிதாக வருபவர்கள் எழுதிக்கொண்டு வரும் தலைப்பு பெரும்பாலும் "காவலர்களின் மன அழுத்தம்" அல்லது "காவல்துறையில் தலைமைப் பண்பு". இவற்றை வைத்து மேடையில் பேசலாம், ஆய்வு செய்ய முடியாது. மன அழுத்தம் எதனால் என்று ஒரு படி கீழே இறங்குங்கள். வார ஓய்வு கிடைக்காததால் என்று வரும். காவலர்களுக்கு வார ஓய்வு தரும் அரசாணை 2021-இல் வந்தது. அப்படியானால் கேள்வி இது: "ஒரு உட்கோட்டத்தில் ஆறு மாதத்தில் டூட்டி ரோஸ்டரில் எழுதப்பட்ட வார ஓய்வுகளில் எத்தனை ரத்தாயின, என்ன காரணத்தால், எவ்வளவு நேரத்துக்கு முன் காவலருக்குச் சொல்லப்பட்டது?" இதை எண்ணலாம். எண்ணியதை வைத்து இன்ஸ்பெக்டரின் திட்டமிடலைப் பற்றிப் பேசலாம். தலைமை என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வேறு கேள்விகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள், சனி ஞாயிறில் ஏறும் வண்டிகள், ஒரே ஒரு ஸ்டேஷனின் ஆள்பலம். விபத்துகள் எந்த வளைவில், எந்த நேரத்தில், ஏறும்போதா இறங்கும்போதா? கோடை விழாவின்போது மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாக இறங்கச் சொன்னால் நெரிசல் குறைகிறதா, அல்லது அப்படியே குப்பனூர் பக்கம் நகர்கிறதா? இந்த மாதிரிக் கேள்விக்குத் தோதான அணுகுமுறை, 1979-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் முன்வைத்த பிரச்சினை சார்ந்த காவல் பணி. கண்டறிதல், அலசுதல், செயல்படுதல், மதிப்பிடுதல் என்று நான்கு கட்டம். நம்மவர்கள் முதலாவதிலிருந்து நேராக மூன்றாவதுக்குத் தாவுவார்கள். தடுப்பு வைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று.

3. கேள்விக்கு ஏற்ற படிப்பு

"காவல் தலைமை மற்றும் மேலாண்மை" என்ற பெயரிலேயே படிப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பெயரைவிடப் பாடத்திட்டம் முக்கியம். பணியில் இருப்பவருக்கு நடைமுறையில் மூன்று பாதைகள்.

கேள்வி நிர்வாகம், விதிமுறை, அரசு அமைப்பு சார்ந்தது என்றால் பொது நிர்வாகத்தில் எம்.ஏ. ஆள், நேரம், வண்டி, பணம் ஆகியவற்றை ஒதுக்குவது பற்றியது என்றால் எம்.பி.ஏ. இரண்டையும் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பணியில் இருந்தபடியே படிக்கலாம். இக்னோ எம்.பி.ஏ.யில் இறுதி செமஸ்டரில் ஆய்வு அறிக்கை உண்டு. ஆய்வுச் சுருக்கத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கேள்வி குற்றம், குற்றவாளி, பாதிக்கப்பட்டோர் பக்கம் சாய்ந்தால் குற்றவியல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று தனித் துறைகள் உள்ளன. நேரடி வகுப்பு என்றால் நீண்ட விடுப்பு இல்லாமல் ஆகாது. காவல், பாதுகாப்புப் படிப்புகளுக்கென்றே காந்திநகரில் ராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பாடப்பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளிநாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: கேம்பிரிட்ஜில் பயன்பாட்டுக் குற்றவியல் மற்றும் காவல் மேலாண்மையில் பகுதிநேர முதுகலை உண்டு. உயர் அதிகாரிகளை மனதில் வைத்து அமைத்தது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை முழுநேரப் படிப்புக்கு மட்டுமே, பகுதிநேரத்துக்குக் கிடையாது. அதோடு படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இங்கேயே இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கனவு காண்பவர்கள் உண்டு.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடி அறையில் போர்டு மாட்டி, "தேர்வுக்கு வர வேண்டாம் சார், நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்பவரிடம் பேச்சே வேண்டாம். தொலைநிலைப் படிப்பில் மாநிலப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் தன் எல்லையைத் தாண்டி மையம் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி இடம் தருவதில்லை. வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையம் சேலத்தில் இருக்கிறது என்றாலே சந்தேகப்படுங்கள். ஆன்லைன் படிப்புக்கு எல்லை இல்லை, ஆனால் அதற்கும் அங்கீகாரம் வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த ஆண்டுக்கு என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் பட்டியல் போடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. உங்கள் படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் பருவமும் அதில் இருக்க வேண்டும்.

4. அனுமதி: பணம் கட்டும் முன்

முன் அனுமதி இல்லாமல் சேர்ந்து முடித்த பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவது பெரும்பாடு. சில சமயம் விளக்கம் கேட்டு மெமோவே வரும். எனவே சேர்க்கை அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று மாதம் முன்பே மனுவைப் போடுங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என இரண்டு பருவம். ஜூலைக்குச் சேர நினைத்தால் ஏப்ரலில் மனு நகர ஆரம்பிக்க வேண்டும்.

மனு உரிய வழியில்தான் போக வேண்டும். இன்ஸ்பெக்டர், அடுத்து டி.எஸ்.பி. அல்லது மாநகரம் என்றால் உதவி கமிஷனர், பிறகு எஸ்.பி. ஆபீஸ் அல்லது கமிஷனர் ஆபீஸ். நேரில் தெரிந்த அதிகாரி என்று இடையில் ஒருவரைத் தாண்டினால் கோப்பு அங்கேயே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மனுவில் இருக்க வேண்டியவை: படிப்பின் முழுப் பெயர், பல்கலைக்கழகம், தொலைநிலையா ஆன்லைனா, எத்தனை ஆண்டு, தேர்வு எந்த மாதங்களில், செலவு உங்களுடையது என்பது, பணிக்கு இடையூறு வராது என்ற உறுதி. அங்கீகாரப் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கும் பக்கத்தின் நகலையும் இணையுங்கள். கோப்பு எழுதும் கிளார்க் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அவர் தேட வேண்டிய வேலையை நீங்கள் செய்துவிட்டால் கோப்பு ஒரு மேசை சீக்கிரம் தாண்டும்.

படிக்க அனுமதியும் ஆய்வுக்காகப் பதிவேடு பார்க்க அனுமதியும் வேறு வேறு. முதலாவது கிடைத்துவிட்டது என்று இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். ஏழாவது பகுதியில் அதைப் பற்றி வருகிறது.

மனு கொடுத்த தேதி முத்திரையோடு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். மாநகரிலிருந்து மாவட்டத்துக்கோ, நாமக்கல் தர்மபுரிக்கோ மாறுதல் வந்தால், அனுமதி ஆணையின் நகலோடு புதிய அலுவலகத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுங்கள். கோப்பு தானாக உங்கள் பின்னால் வரும் என்று நம்பாதீர்கள்.

5. சேர்க்கை

தொலைநிலை, ஆன்லைன் சேர்க்கைக்கு இப்போது யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டி.இ.பி. ஐடி கட்டாயம். அதற்கு முன்னால் டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. ஐடி (படிப்பின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு) எடுக்க வேண்டும். வேலை எளிது, ஆனால் நம் ஊரில் இனிஷியல் வந்து குறுக்கே நிற்கும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக, பணிப்பதிவேட்டில் வேறொரு எழுத்துக்கூட்டல். கடைசி நாளன்று இரவு டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தால் அப்போதுதான் பெயர் பொருந்தவில்லை என்று திரை காட்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தேர்வு மையத்தைத் தேர்வு செய்யும்போது சேலத்தையே கேளுங்கள். வெளியூர் மையம் என்றால் ஒவ்வொரு தேர்வுக்கும் கூடுதலாக ஒரு நாள் விடுப்பு கேட்டு நிற்க வேண்டும்.

6. பந்தோபஸ்து காலண்டரின் மேல் படிப்புக் காலண்டர்

இக்னோ பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். இப்போது நம் ஆண்டைப் பாருங்கள். மே மாதம் ஏற்காடு கோடை விழா. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊர் முழுக்கப் பந்தோபஸ்து. அடுத்து விநாயகர் சதுர்த்தி, தீபாவளி. டிசம்பர் கடைசியில் மலைக்குப் புத்தாண்டுக் கூட்டம். ஜூன் தேர்வுக்கு மே மாதம் படிப்பேன் என்பவர் தேர்வு எழுதப்போவதில்லை என்று இப்போதே சொல்லிவிடலாம்.

எனவே ஜூன் தேர்வுக்கான படிப்பை ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் முடியுங்கள். ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) மார்ச்சுக்குள் எழுதிவிடுங்கள். பெரும்பாலான பாடங்களில் 30 சதவீதம் ஒப்படைப்புக்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. அந்த முப்பதை வீட்டில் உட்கார்ந்தே எடுக்கலாம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒப்படைப்புக் கேள்விகள் மாறும். நண்பர் கொடுத்த போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

இரண்டாண்டுப் படிப்புக்கு நான்காண்டு வரை அவகாசம் தருகிறார்கள். தொடக்கத்திலேயே மூன்றாண்டு என்று திட்டமிடுங்கள், தேர்தல் வரும் ஆண்டாக இருந்தால் நிச்சயமாக. ஒரு பருவத்தில் எல்லாத் தாளும் எழுதுவேன் என்று பதிவு செய்து, பந்தோபஸ்தில் பாதியைத் தவறவிட்டு, கட்டணத்தையும் இழந்து மனம் உடைவதைவிட இரண்டு தாள் எழுதிப் பாஸாவது மேல்.

பாடங்களில் ஒரு எச்சரிக்கை. பழைய பாடநூல்களும் பழைய குறிப்புகளும் இன்னும் ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. பிரிவுகளோடு இருக்கும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்களான பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. நடைமுறையில் உள்ளன. சம்பவம் எந்தத் தேதியோ அந்தச் சட்டத்தை எழுதுங்கள்.

காவல் சீர்திருத்தம் எந்தப் படிப்பிலும் வரும். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் ஏழு கட்டளைகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் பாதி மதிப்பெண்தான். 2013 தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டத்தோடு அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். உதாரணமாக, காவலர் மீதான புகார் ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நம் சட்டத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலர், மாவட்ட அளவில் கலெக்டர். இந்த வித்தியாசத்தை வைத்து இரண்டு பக்கம் எழுதலாம்.

மேலாண்மைக் கோட்பாடுகளுக்கும் இதே வழிதான். ஒருவருக்கு ஒரே மேலதிகாரியிடமிருந்து மட்டுமே கட்டளை வர வேண்டும் என்பது மேலாண்மைச் சிந்தனையாளர் ஃபயோலின் கொள்கைகளில் ஒன்று. ஏற்காடு ஸ்டேஷன் காவலர் கோட்டை மாரியம்மன் பந்தோபஸ்துக்கு வருகிறார். வயர்லெஸ்ஸில் செக்டர் அதிகாரி ஒன்று சொல்கிறார், செல்போனில் சொந்த இன்ஸ்பெக்டர் வேறொன்று சொல்கிறார். அவர் என்ன செய்வார்? பாடநூல் உதாரணத்தைவிட இது திருத்துபவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

7. ஆய்வு: அதிகம் பேர் தடுமாறும் இடம்

முதலில் வெளியில் கிடைப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு வாரியம் வெளியிடும் காவல் அமைப்புகள் பற்றிய தரவுத் தொகுப்பு, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு. இவை போதுமென்றால் பதிவேடுகள் பக்கமே போக வேண்டாம். பாதிப் பேருக்குப் போதும் என்பது என் கணிப்பு.

போதாது என்றால், எந்தப் பதிவேடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கலங்கள் என்று குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி கேளுங்கள். "ஆய்வுக்குத் தேவையான விவரங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடத் தயங்குவார். "வார ஓய்வு தொடர்பாக டூட்டி ரோஸ்டரில் தேதி, பதவி நிலை, ரத்து விவரம் மட்டும், பெயரும் எண்ணும் வேண்டாம்" என்றால் கதை வேறு. ஸ்டேஷன் ரைட்டர் தெரிந்தவர், ஜி.டி.யை (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு) தருவார் என்பதற்காக செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பணிக்காகப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம், ஆய்வேட்டில் போடும் உரிமை அதிலிருந்து வராது.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். பிரிவு 72-இன்படி குற்றம். சிறார் வழக்குகளுக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் தடை உண்டு. முதுகலை ஆய்வுக்கு இந்த வழக்குகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்து கேள்வித்தாள். நன்றாகப் படிக்கும் அதிகாரிகளே இதில் கோட்டை விடுகிறார்கள். காலை ரோல் காலில் இன்ஸ்பெக்டர் நிற்கிறார். அறுபது கேள்வித்தாள்களை ரைட்டர் விநியோகிக்கிறார். "உங்கள் மேலதிகாரி உங்கள் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா?" என்பது ஏழாவது கேள்வி. சாயங்காலத்துக்குள் அறுபதும் திரும்பி வந்துவிடும், அறுபதிலும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்". ஐயா கேட்டால் வேறென்ன எழுதுவார்கள்? அந்தத் தாள்கள் காட்டுவது பயத்தை. தலைமைப் பண்பைப் பற்றி அவற்றிலிருந்து எதுவும் எழுத முடியாது.

தவிர்க்கும் வழி: உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் நீங்கள் தகவல் திரட்டாதீர்கள். அடுத்த உட்கோட்டத்தில், அந்த அதிகாரியின் அனுமதியோடு, சாதாரண உடையில் போங்கள். தாளை ஒட்டிய உறையில் போட்டு ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். நிரப்ப மறுக்கலாம் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கருத்துக் கேட்பதைவிடச் சம்பவத்தைக் கேளுங்கள். "கடைசியாக உங்கள் வார ஓய்வு ரத்தானது எப்போது, யார் சொன்னார், முந்தைய நாளா அன்று காலையா?" இதற்கு வரும் பதிலை ரோஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

பெயர் கேட்காவிட்டால் அடையாளம் தெரியாது என்று நினைப்பது அடுத்த பிழை. "பெண், தலைமைக் காவலர், 15 வருடப் பணி, மலை ஸ்டேஷன்" என்று நான்கு கட்டம் போட்டால் போதும், படிக்கும் எவரும் அது யார் என்று சொல்லிவிடுவார். சிறிய ஸ்டேஷன்களைத் தனியாகக் காட்டாமல் சேர்த்துக் காட்டுங்கள். பணிக்காலத்தை ஐந்தைந்து ஆண்டாகக் கேட்காமல் பத்துக்குக் கீழ், பத்துக்கு மேல் என்று இரண்டே பிரிவாக வையுங்கள். ஒரு கட்டத்தில் நாலைந்து பேர்கூட இல்லையென்றால் அந்த அட்டவணையையே எடுத்துவிடுங்கள்.

8. எழுதுதல்

கேஸ் டைரி எழுதிப் பழகிய கைக்கு ஆய்வேடு எழுத வராது என்பது பொய். தேதி, நேரம், இடம், பார்த்தது என்ற ஒழுங்கு நமக்கு ஏற்கெனவே உண்டு. பழைய கோப்பை வைத்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதும் பழக்கம்தான் ஆபத்து. யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரைதான் ஒற்றுமை பொறுத்துக்கொள்ளப்படும். அதற்கு மேல் போனால் திருத்தித் தரச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஜெராக்ஸ் கடையில் தயாராகக் கிடைக்கும் ப்ராஜெக்டின் கதி இதுதான்.

முதலில் அட்டவணைகளை முடியுங்கள், பிறகு அவற்றின் கீழ் விளக்கம், அடுத்து முறையியல். முன்னுரை கடைசியில். முன்னுரையில் தொடங்குபவர்கள் மகாத்மா காந்தியின் பொன்மொழியிலேயே ஒரு மாதம் நிற்பார்கள்.

பரிந்துரைகளில் "அரசு கூடுதல் காவலர்களை நியமிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். அது எல்லோருக்கும் தெரிந்தது, உங்கள் எஸ்.பி. கையில் இல்லாதது. ஒரு இன்ஸ்பெக்டர் நாளைக் காலை தன் ஸ்டேஷனில் செய்யக்கூடியதை எழுதுங்கள். ரத்தாகும் ஓய்வை முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்வது, ஈடாக எந்த நாள் என்று அதே வரியில் எழுதுவது, இந்த அளவில். வாய்மொழித் தேர்விலும் இதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

9. முடித்த பிறகு

தற்காலிகச் சான்றிதழ் வந்ததும், அனுமதி ஆணை எண்ணைக் குறிப்பிட்டு, பணிப்பதிவேட்டில் பதிவு செய்யக் கோரி மனுக் கொடுங்கள். அசல் பட்டம் வர மாதங்கள் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பதிவேடு பார்க்க அனுமதி தந்த அலுவலகத்துக்கு ஆய்வேட்டின் ஒரு பிரதியையும், கண்டதை இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கியும் கொடுங்கள். முழு ஆய்வேட்டை யாரும் படிக்கமாட்டார்கள், இரண்டு பக்கத்தைப் படிப்பார்கள். அடுத்து வருபவருக்கு அனுமதி கிடைப்பதும் அதனால் எளிதாகும்.

பதிவு ஏறிய பக்கத்தை நேரில் போய்ப் பாருங்கள். படிப்பின் பெயர், ஆண்டு, பல்கலைக்கழகம் மூன்றும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்த்து, ஒரு நகல் எடுத்து அனுமதி ஆணையோடு வைத்துக்கொள்ளுங்கள்.